டப்பாவில் இல்லாத நிறம்

அந்தப் பெயின்ட் கடையில் அவருக்கு ஷேடு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கடையில் ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. யாராவது உதிர்ந்த சுவர்ச் சில்லையோ, பழைய திரைச்சீலையின் ஓரத்தையோ, ஒருமுறை ஒரு அம்மாள் செய்ததுபோலச் செத்துப்போன கிளியின் இறகையோ கொண்டுவந்து "இதே கலர் வேணும்" என்று நின்றால் ஷேடைக் கூப்பிடுவார்கள். நிறத்தைப் படித்துக் கணக்குச் சொல்லும் மிஷின் ஒன்றும் கடையில் உண்டு. அது சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதை ஒப்புக்கொண்டால் தன் பிழைப்பு என்னாவது என்று ஷேடு அதில் ஒரு சொட்டைக் கூட்டுவார், இன்னொன்றைக் குறைப்பார், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், பிறகு "இப்ப பாருங்க" என்பார். வந்தவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "ஆமாங்க, இப்பதான் வந்திருக்கு" என்பார். இதைப் பல வருஷம் கேட்டுக் கேட்டு ஷேடுக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. தன் கண்ணுக்குத் தப்பிய நிறம் உலகத்தில் இல்லை என்று மனதார நம்பினார்.

இவ்வளவு பெரிய நிபுணரை வீட்டில் ஒரு ஐந்து வயதுப் பிள்ளை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

அது அவருடைய மனைவியின் பிள்ளை. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதல் கணவர், பிள்ளை பேச ஆரம்பிக்கும் முன்பே விபத்தில் போய்விட்டார். ஷேடுக்கோ அதுவரை கல்யாணமே கூடி வரவில்லை. அதற்குக் காரணம் அவருடைய அக்காதான் என்று அவர் இன்றைக்கும் சொல்வார். பெண் பார்க்கும் இடங்களுக்கெல்லாம் அக்கா தம்பியை "மாநிறம்" என்று சொல்லி அனுப்பினார். வந்தவர்கள் ஷேடை நேரில் பார்ப்பார்கள். பார்த்த மாத்திரத்தில், நிறத்திலேயே இவ்வளவு பொய் என்றால் சம்பளத்தில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்தபடி காபியைக் குடித்துவிட்டு எழுந்துகொள்வார்கள். "கறுப்புன்னே சொல்லித் தொலையேன்க்கா" என்று இவர் கெஞ்சியிருக்கிறார். "சொன்னா காபி குடிக்கக்கூட வரமாட்டாங்கடா" என்று அக்கா பதில் சொன்னார்.

மனைவி ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ட் வாங்கக் கடைக்கு வந்தவர். இவர் வழக்கம்போலச் சொட்டு கூட்டிக் குறைத்து வித்தை காட்டியபோது, "கலர் மொதல்லயே நல்லாத்தான் இருந்துச்சு. நீங்கதான் பேச்சு ஜாஸ்தி" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். தன் குட்டை உடைத்த முதல் ஆளையே கட்டிக்கொண்டால் நல்லது என்று ஷேடுக்குத் தோன்றியது. கல்யாணம் எளிமையாக நடந்தது. போட்டோ ஸ்டுடியோக்காரர் நல்ல மனசு பண்ணி, யாரும் கேட்காமலே, ஆல்பம் முழுக்க மாப்பிள்ளையை நன்றாக வெளுத்துக் கொடுத்திருந்தார். பார்த்தால் நீண்ட நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த யாரோ ஒருவர் மனைவிக்குப் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது.

பிள்ளையின் செல்லப் பெயர் மிளகு. சின்ன உருவம், நாக்கில் காரம். அந்தக் காரத்தையாவது தன்மேல் கொஞ்சம் காட்ட மாட்டாளா என்று ஷேடு ஏங்கினார். மிளகு அவரைத் திட்டுவதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை, ஒட்டுவதும் இல்லை. எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. "உனக்கு எப்படிக் கூப்பிடத் தோணுதோ அப்படிக் கூப்பிடு" என்று அம்மா சொல்லியிருந்தார். மிளகுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கூடத்தின் நடுவில் நின்று, "தண்ணி பாட்டில் மேல இருக்கு" என்று பொதுவாக அறிவிப்பாள். அம்மா இருந்தால் இன்னும் சுலபம். ஷேடு எதிரில் உட்கார்ந்து தட்டில் கை வைத்திருக்கும்போதே, "அம்மா, அவங்களுக்கு இன்னும் வேணுமான்னு கேளு" என்பாள். அம்மாவும் சிரிக்காமல் திரும்பி, "உங்களுக்கு இன்னும் வேணுமான்னு கேக்கறா" என்பார். "போதும்னு சொல்லு" என்று ஷேடும் அதே வழியில் பதில் அனுப்புவார்.

கடையில் இதை நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பார். வீட்டில் சிரிப்பு வராது. அந்தப் பிள்ளையின் உலகத்தில் தனக்கும் ஒரு இடம் வேண்டும், ஓரமாக இருந்தாலும் பரவாயில்லை என்பதுதான் அவர் ஆசை. அதற்கு யாரிடம் போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை.

வழி சொன்னவர் கல்லாவில் உட்காரும் அக்கா. "கொழந்தைங்க பேசினா ஒட்டாதுங்க. கூட உக்காந்து எதையாவது பண்ணணும். போன்ல தேடிப் பாரு, வீட்லயே பண்ற மாதிரி படம் வரையறது, அச்சு வெக்கறதுன்னு கொட்டிக் கிடக்கு. நீதான் கலர்ல பெரிய ஆளாச்சே."

கடைசி வாக்கியத்தை அக்கா என்ன நினைத்துச் சொன்னாரோ, ஷேடு அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அப்போது மனைவிக்குச் சனி ஞாயிறுகளில் பகல் ஷிப்ட். கடையில் கெஞ்சிக் கூத்தாடி இவரும் அந்த நாள்களில் லீவு வாங்கினார். சின்னச் சின்ன டியூபில் வண்ணங்கள், தூரிகைகள், கெட்டிக் காகிதம் எல்லாம் வாங்கிவந்தார். கூடத்துத் தரையில் செய்தித்தாள் விரித்து, அதன் ஓரங்களைச் சுவர் பூசுபவர்கள் ஒட்டுவதுபோல டேப் போட்டு ஒட்டினார். ஒரு சொட்டு சிந்த வழியில்லை. மிளகு வாசல்நிலையில் நின்று இந்த ஏற்பாடுகளையெல்லாம் பார்த்தாள்.

"இங்க உக்காரலாமா?" என்று டேப்பைக் காட்டிக் கேட்டாள்.

"உனக்காகத்தானே விரிச்சிருக்கேன்."

அவள் டேப்புக்கு வெளியே உட்கார்ந்துகொண்டாள்.

முதல் வாரம் இலை அச்சு. இலையின் பின்பக்கத்தில் வண்ணம் தடவிக் காகிதத்தில் அழுத்தி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். போனில் மூன்று வயதுக் குழந்தைகள் அதைச் செய்துகொண்டிருந்தன. மிளகு ஒரு இலையை அழுத்தினாள். அது பிடித்திருந்ததோ என்னவோ, அதே இடத்தில் மறுபடியும் அழுத்தப் போனாள். "இரு இரு" என்றார் ஷேடு. "மொத கோட் காயட்டும். ஈரத்து மேல ஈரம் வெச்சா இழுத்துக்கும்." மிளகு இலையைக் கீழே வைத்தாள். எப்படி என்று செய்து காட்டுவதற்காக ஷேடு ஒன்றை அழுத்தினார். அது கொஞ்சம் சாய்ந்துவிட்டதால் இன்னொன்று. அதற்கு ஜோடி வேண்டும் என்று மூன்றாவது. நிமிர்ந்து பார்த்தபோது காகிதம் நிரம்பியிருந்தது, மிளகு சமையலறைக் குழாயில் தண்ணீர் சொட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதம் என்னவோ அற்புதமாக வந்திருந்தது. "மகளின் கைவண்ணம்" என்று எழுதி அதைக் கடையில் வேலை செய்பவர்களின் போன் குழுவில் போட்டார். எல்லாரும் கட்டை விரலைத் தூக்கினார்கள். கல்லா அக்கா மட்டும், "மகளுக்கு நாப்பது வயசா?" என்று கேட்டார்.

அடுத்து நூல் படம். நூலை வண்ணத்தில் தோய்த்து, மடித்த காகிதத்துக்குள் வைத்து இழுத்தால் பூ மாதிரி ஒன்று விழும். மிளகு இழுத்ததில் பூ விழவில்லை, ஒரு கோடு விழுந்தது. ஷேடு நூலை வாங்கி, எந்த வேகத்தில் இழுக்க வேண்டும் என்று விளக்கினார். விளக்கம் நீளமாக இருந்தது. அதற்கடுத்து மெழுகுக் கிரேயான். கிரேயானால் கிறுக்கி மேலே தண்ணீர் வண்ணம் பூசினால் மெழுகு இருக்கிற இடத்தில் மட்டும் வண்ணம் ஒட்டாது. "மெழுகு ஏன் ஒட்ட விடறதில்ல தெரியுமா?" என்று ஷேடு ஆரம்பித்தார். மிளகுக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை. தான் ஒரு பிள்ளையோடு விளையாடுகிறோமா, புதிதாகச் சேர்ந்த ஆளுக்கு வேலை சொல்லித் தருகிறோமா என்று அவருக்கே அப்போது சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை அப்புறம் யோசிக்கலாம் என்று தள்ளி வைத்தார்.

அதற்குப் பிறகு மிளகு தானாகவே ஒரு வேலையில் இறங்கினாள். ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். அதில் சிவப்பைப் பிதுக்கினாள், மஞ்சளைப் பிதுக்கினாள். அருமையான ஆரஞ்சு வந்தது. "ஆகா, போதும், நிறுத்து" என்றார் ஷேடு. அவள் நீலத்தைப் பிதுக்கினாள். பிறகு பச்சை. பிறகு கொஞ்சம் கறுப்பு. எல்லாம் சேர்ந்து பழுப்பாக, சேறு மாதிரி ஆகிவிட்டது. மிளகு அந்தச் சேற்றை அக்கறையாகக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

இங்கே ஷேடின் தொழிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கடையில் ஒரு டின்னில் தப்பான சொட்டு விழுந்துவிட்டால், அதைச் சரி செய்ய இன்னொரு சொட்டு, அதைச் சரி செய்ய இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனால் கடைசியில் வருவது இந்தப் பழுப்புதான். அந்த டின்களைப் பின்வரிசையில் அடுக்கி வைத்திருப்பார்கள். காம்பவுண்டுச் சுவருக்கோ சாக்கடை மூடிக்கோ யாராவது மலிவாகக் கேட்டால் தள்ளிவிடுவார்கள். ஷேடின் கணக்கில் பழுப்பு என்பது ஒரு நிறமே இல்லை. யாரோ சொதப்பியதற்கு அத்தாட்சி.

ஆகவே மிளகு பால் குடிக்கப் போன நேரத்தில் அவர் அந்தக் கிண்ணத்தை எடுத்துப்போய்க் குழாயடியில் பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிள்ளை சொதப்பியதைப் பிள்ளைக்கே தெரியாமல் துடைத்துவிட்டோம், இனிப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்பது எண்ணம். தகப்பன்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் உதவுவார்கள் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

மிளகு வந்து கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். "கிண்ணம் காலியா இருக்கு" என்று கூடத்துக்கு அறிவித்தாள்.

"சுத்தம் பண்ணி வெச்சிட்டேன்" என்றார் ஷேடு பெருமையாக.

மறுநாளும் அவள் அதே கிண்ணத்தில் அதே மாதிரி எல்லாவற்றையும் கலந்தாள். இவர் அதே மாதிரி கழுவினார். அதற்கடுத்த வாரமும் அதேதான். இப்போது அவள் கிண்ணத்தைச் சோபாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். ஷேடு துப்பறிந்து கண்டுபிடித்துக் கழுவினார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை இவருக்குப் புத்தி வந்திருக்கும். ஒரு தடவை பொறுக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன கலர் வேணும்னு சொல்லு, ஒரு நிமிஷத்துல கலக்கித் தரேன். ஊரே என்கிட்டதான் வந்து வாங்கிட்டுப் போகுது" என்று கேட்டார்.

மிளகு அவர் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

வாடிக்கையாளர் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் ஷேடு கடையை விட்டே துரத்தியிருப்பார்.

இந்த லட்சணத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வேலை வந்தது. "எங்கள் வீடு" என்று ஒரு படம் வரைந்துவர வேண்டும். வீட்டில் இருக்கிற எல்லாரும் அதில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை டீச்சர் அவற்றை வகுப்புச் சுவரில் ஒட்டுவார். மிளகு பெரிய காகிதத்தில் வீட்டை வரைந்தாள். ஜன்னல், கதவு, மாடிக்கு வரும் படிக்கட்டு. கதவுக்கு இந்தப் பக்கம் நர்ஸ் உடுப்பில் அம்மா. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள். முகங்களுக்குக் கலர் பென்சில் டப்பாவில் இருந்த பழுப்புப் பென்சிலைத் தீட்டியிருந்தாள். கீழ்வீட்டுப் பூனைகூட இருந்தது. அது இந்த வீட்டில் குடியே இல்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக விட்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து படத்தைப் பார்த்தார். "இந்தப் பக்கம் என்னடி, சும்மா இருக்கு?"

"அது அப்படியே இருக்கட்டும்" என்றாள் மிளகு.

மனைவி ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தார். ஷேடு சட்டென்று பூனையைப் பாராட்ட ஆரம்பித்தார். மீசை எவ்வளவு நேராக வந்திருக்கிறது, வால் எவ்வளவு இயற்கையாக இருக்கிறது என்று அந்தப் பூனையைப் பற்றி அவர் பேசியதைப் பூனையே கேட்டிருந்தால் கூசிப்போயிருக்கும். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பூனையிடம் தோற்ற மனிதன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிடுவான் என்று தன்னையே கேலி செய்து பார்த்தார். கேலி கைகொடுக்கவில்லை. வலித்தது, அவ்வளவுதான். திங்கட்கிழமை அந்தப் படம் சுவரில் ஏறிவிடும். பிள்ளைகள், டீச்சர்கள், கூட்டிப்போக வருகிற பெற்றோர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். வீட்டில் யார் யார் என்று அந்தப் பிள்ளை ஊருக்குச் சொல்லிவிடும், அதில் இவர் இருக்க மாட்டார்.

"கொழந்ததானே" என்று மனைவி ஆறுதலாகச் சொன்னார். "நான் சொல்லி வரையச் சொல்லட்டுமா?"

"வேணாம்" என்றார் ஷேடு. "சொல்லி வரைஞ்சா அது நான் இல்ல." தான் இவ்வளவு சரியாக ஒரு வாக்கியம் பேசிவிட்டதில் அந்த வருத்தத்திலும் அவருக்கு ஒரு சின்னப் பெருமை வந்தது. மனுஷன் திருந்தவே மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் இவர்கள் இருவர் மட்டும். ஷேடு அன்றைக்குப் போனைத் திறக்கவில்லை, எந்த வேலையையும் அறிமுகப்படுத்தவில்லை. டேப்பும் ஒட்டவில்லை. "நீ உன் இஷ்டத்துக்கு எதையாவது பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கூடத்து ஜன்னலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்தார். இனிமேல் யாருக்கும் எதையும் சொல்லித் தருவதில்லை என்று கூரையைப் பார்த்து ஒரு சபதம் எடுத்தார். சபதம் எடுத்த களைப்பில் தூங்கிப்போனார்.

கையில் ஜில்லென்று ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தார்.

மிளகு பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கிண்ணம், இன்னொரு கையில் தூரிகை. பாயின் மேல் வண்ணம் கொட்டியிருந்தது, சுவரில் இரண்டு கைத்தடம் இருந்தது. ஷேடின் கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வரிசையாகப் பழுப்புத் திட்டுகள். "என்ன கண்றாவி இது" என்று சொல்ல அவர் வாய் திறந்தது.

ஆனால் வாய் வேலையை ஆரம்பிப்பதற்குள் கண் தன் வேலையை முடித்துவிட்டது. மணிக்கட்டில் இருந்த முதல் திட்டு, செம்மண் அப்பியது மாதிரி தனியாகத் தெரிந்தது. அடுத்தது கொஞ்சம் அடங்கியிருந்தது. அதற்கடுத்தது பச்சை பாய்ந்து ஒதுங்கி நின்றது. பிறகு ஒன்று, ஏறக்குறையத் தோலோடு சேர்ந்துவிட்டது. முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த கடைசித் திட்டை அவர் தேட வேண்டியிருந்தது. ஈரம் மட்டும் மினுங்காவிட்டால் அங்கே வண்ணம் இருப்பதே தெரியாது.

கடையில் அவர் செய்வதும் இதேதான். கொண்டுவந்த சாம்பிளின் மேலேயே ஒரு துளி வைத்துப் பார்ப்பார். துளி தனியாகத் தெரிந்தால் நிறம் இன்னும் வரவில்லை, மறைந்துபோனால் வந்துவிட்டது என்று அர்த்தம். அம்மாவோடு கடைக்கு வந்த ஏதோ ஒரு நாளில் பிள்ளை அதைப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாகச் சில்லும் துணியும் இறகுமாக எத்தனையோ சாம்பிள் பார்த்த மனிதர், இப்போதுதான் முதல்முறையாகத் தானே ஒரு சாம்பிளாகப் படுத்திருந்தார்.

"இது என்ன கலர்?" என்று கேட்டார்.

"உங்க கலர்."

"எதுக்கு?"

"படத்துக்கு." இதுகூடவா தெரியாது என்பதுபோல அவள் பார்த்தாள். "அம்மாக்கும் எனக்கும் டப்பால இருக்கற பென்சிலே சரியா இருக்கு. உங்களுக்கு அது பத்தல."

ஷேடு எழுந்து உட்கார்ந்தார். "அப்ப... கிண்ணத்துல கலக்கினியே, அன்னிக்கெல்லாம்?"

"அதுவும் இதுதான்." மிளகு தூரிகையைக் கிண்ணத்தில் விட்டுக் கலக்கினாள். "நீங்க கழுவிட்டீங்க."

ஷேடுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தப் பிள்ளை வாரக்கணக்காக அவரைத்தான் கலக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் தன்னைத்தானே எடுத்துப்போய்க் குழாயடியில் ஊற்றிவிட்டு, கிண்ணம் பளபளக்கிறது என்று பெருமைப்பட்டிருக்கிறார். உலகத்தில் தன் கண்ணுக்குத் தப்பிய நிறமே இல்லையாம். தினமும் கண்ணாடியில் பார்த்து ஷேவ் செய்துகொள்கிற நிறம் கிண்ணத்தில் கிடந்தபோது, சாக்கடை மூடிக்குக்கூட ஆகாது என்று கொட்டியிருக்கிறார்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே கலக்கிக் குடுத்திருப்பேனேம்மா."

"நீங்க வெள்ளையாக்கிடுவீங்க" என்றாள் மிளகு. "ஆல்பத்துல இருக்கற மாதிரி. அது நீங்களே இல்ல."

கூடப்பிறந்த அக்கா ஷேடை மாநிறம் ஆக்கினார். ஸ்டுடியோக்காரர் அதற்கும் ஒரு படி மேலே போனார். ஷேடும் தன் பங்குக்கு, தன் நிறத்தை வைத்து அடுத்தவர் முந்திக்கொள்வதற்குள் தானே ஒரு ஜோக் அடித்துவிடுவார். இதுவரை ஆளாளுக்கு அவரை வெளுக்கத்தான் பார்த்தார்கள். அவர் எவ்வளவு கறுப்போ அவ்வளவையும் குறையாமல் கொண்டுவர வேண்டும் என்று மெனக்கெட்ட முதல் ஆள் இந்த வாண்டுதான்.

"காயறதுக்குள்ள பூசணும்" என்றாள் மிளகு. எழுந்துபோய்ப் படத்தை எடுத்துவந்து பாயில் விரித்தாள். விரித்த இடத்திலேயே ஒரு பக்கம் ஈரமாகி, படிக்கட்டில் ஒரு கறை விழுந்தது. ஷேடு பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

கிண்ணத்தில் இருந்தது போதவில்லை. கைக்கே பாதி செலவாகியிருந்தது. மறுபடி கலக்க வேண்டும். மிளகு டியூபுகளைப் பிதுக்கினாள். சிவப்பு ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை, குழாயடிக்குத் தெரியும். அவள் மஞ்சளைப் பிதுக்கி, நீலத்தை வேண்டிய மட்டும் பிதுக்கினாள். நீலம் அதிகம் என்று ஷேடின் உடம்பு முழுக்கக் கத்தியது. மிச்சம் இருக்கிற சிவப்பைக் கொஞ்சம் போட்டு, கறுப்பை ஊசி முனையளவு தொட்டால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். கையை நீட்டினால் ஒரு நொடி வேலை. அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"கை வேணும்" என்றாள் மிளகு.

ஒரு கையை எடுத்து நீட்டினார். அவள் ஒரு துளி வைத்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் கையைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். ஷேடு கடையில் எப்படிச் சுருக்குவாரோ அதே மாதிரி. பார்க்க இவ்வளவு சிரிப்பாகவா இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் கறுப்பைக் கூட்டினாள். கொஞ்சம் பச்சையைக் கூட்டினாள். திரும்ப வைத்துப் பார்த்தாள்.

"வந்துடுச்சு" என்றாள்.

வரவில்லை. கறுப்பு இரண்டு படி அதிகம், பச்சையும் பாய்ந்திருந்தது. கடையில் ஒரு டின் இப்படி வந்திருந்தால் ஷேடே அதைப் பின்வரிசைக்குத் தூக்கிப்போயிருப்பார். அவர் கையைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "இப்பதான் வந்திருக்கு."

மிளகு வெள்ளையாக விட்டிருந்த இடத்தில் அவரை வரைய ஆரம்பித்தாள். தலை பெரிதாக வந்து வீட்டின் கூரையை முட்டியது. கழுத்து இல்லை. கைகள் தரை வரைக்கும் தொங்கின. ஒரு கை நீண்டுபோய் கதவைத் தாண்டி, அம்மாவைத் தாண்டி, அவளுடைய சின்னக் கைக்குப் பக்கத்தில் போய் நின்றது. இடம் பத்தாமல் பூனையின் மேல் ஏறித்தான் அந்தக் கை போனது. நேற்றுப் புகழ்ந்த மீசையும் வாலும் அதற்குக் கீழே போய்விட்டன. ஷேடுக்கு அந்தப் பூனையின் மேல் துளிகூட இரக்கம் வரவில்லை.

கண்ணை வைத்தாள். மூக்கை வைத்தாள். வாய்க்கு வந்ததும் நிறுத்திவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"வாயத் திறங்க."

"எதுக்கு?"

"நீங்க சிரிக்கிற மாதிரி போடணும். பல்லு என்ன கலர்னு தெரியல."

ஷேடு வாயைத் திறந்தார். மிளகு பிசுபிசுத்த விரல்களால் அவர் தாடையைப் பிடித்து, வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திருப்பினாள். இவ்வளவு நாளில் அந்தப் பிள்ளை அவர் முகத்தைத் தொட்டது இப்போதுதான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்து கன்னத்தில் வழிந்தது. துடைக்கலாம் என்றால் ஒரு கையில் வண்ணம், இன்னொன்று தொடைக்கு அடியில். மனிதன் அழுவதற்குக்கூட வாய் அவன் வசம் இருக்க வேண்டும் போலிருக்கிறது. அவர் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

மிளகு அந்தப் பக்கத்துப் பல், இந்தப் பக்கத்துப் பல் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு எடுத்து வைத்திருந்த வெள்ளை டியூபை மூடி ஓரமாகப் போட்டுவிட்டு, மஞ்சளை எடுத்தாள்.